சென்னையில் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் உள்ள ஃப்ளாட்டா? முதலில் தெருவைப் பாருங்கள்

ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்கள் வாசல் எந்தத் திசை, மெட்ரோ எவ்வளவு தூரம், கார் நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கமாகப் போகும் என்று கேட்பவர்கள் குறைவு. சென்னை கிட்டத்தட்ட சமதளம், தண்ணீர் ஓடி வடிவதற்குச் சரிவு மிகவும் குறைவு. அந்த ஊரில் தரைக்குக் கீழே தோண்டி காரை நிறுத்தினால், தெருவிலேயே தாழ்வான இடம் உங்கள் பார்க்கிங்தான்.

ஏரியா பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வேளச்சேரி என்றாலே வேண்டாம், அண்ணா நகர் என்றால் பயமில்லை என்கிற பேச்சு பாதிதான் சரி, அண்ணா நகர் பக்கமும் ‘ஓட்டேரி நல்லா’ என்கிற கால்வாய் ஓடுகிறது. பார்க்க வேண்டியது உங்கள் தெருவுக்கு எந்த வகைத் தண்ணீர் வரும் என்பதை.

ஒன்று, ஆற்றுத் தண்ணீர். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்தார்கள், தாம்பரம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்துகொண்டது, முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று அடையாறு போன வழியெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். உங்கள் தெருவில் மழை விட்டிருந்தாலும் இது வரும், ராத்திரியிலும் வரும். இதற்கு எந்த மோட்டாரும் ஈடுகொடுக்காது. ஆற்றங்கரையில் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் என்றால், என்ன விலை குறைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

இரண்டு, வடியாமல் நிற்கும் தண்ணீர். தி.நகரின் பெரும்பகுதி பழைய மாம்பலம் ஏரி இருந்த இடம், வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். தென்சென்னையில் எத்தனையோ ஏரிகளின் உபரி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். சதுப்பு நிலம் சுருங்கிவிட்டது, கடலில் அலை ஏற்றம் இருக்கும் நேரத்தில் முகத்துவாரமும் சரியாக இழுக்காது. அதனால்தான் வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கத்தில் வெயில் வந்த பிறகும் தண்ணீர் நிற்கிறது. கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் வரிசையாக விட்டுவிட்டுப் போகிறார்களே, அனுபவம்தான்.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை: கீழிருந்து ஊறும் தண்ணீர். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல் பூமி, ரோட்டில் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். ஆனால் இறங்கிய தண்ணீர் நிலத்தடி மட்டத்தை ஏற்றும், அது அண்டர்கிரவுண்ட் சுவரைத் தேடி வரும். சுவரின் அடியில் உப்பு பூத்திருக்கிறதா, கீழே இரண்டடிக்கு மட்டும் புது பெயிண்டா என்று பாருங்கள். கழிவுநீரும் இப்படித்தான், தெரு மேன்ஹோல் நிரம்பினால் கீழ்த்தளத்து பாத்ரூம் வழியாக ஏறிவரும். திரும்பி வராமல் தடுக்கும் வால்வு போட்டிருக்கிறார்களா என்று பில்டரிடம் கேளுங்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைத் தள்ளிப் பாருங்கள், 2000களின் தொடக்கத்தில் அந்த மனை வயலா, தண்ணீரா என்று தெரியும். தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேட்டையும் (நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) புல வரைபடத்தையும் (மனையின் அளவு வரைபடம்) எடுங்கள், பக்கத்துச் சர்வே எண்களையும் சேர்த்து. வாய்க்கால் எங்கே ஓடியது என்பது வில்லங்கச் சான்றிதழில் வராது, இதில்தான் வரும்.

அப்புறம் ஒருமுறை நல்ல மழை நாளில் நேரில் போங்கள். இஸ்திரி போடுகிறவர், டீக்கடைக்காரர், பக்கத்து வாட்ச்மேன் ஆகியோரிடம் "தண்ணி வருமாண்ணே?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், யார் தன் தெருவை விட்டுக்கொடுப்பார்? "2015-ல எது வரைக்கும் வந்துச்சு? 2023 மிக்ஜாம் புயல்ல எத்தனை நாள் நின்னுச்சு? கரண்ட் எப்ப வந்துச்சு?" என்று கேளுங்கள், கையை இடுப்பு உயரத்தில் வைத்தே காட்டுவார்கள். பழைய வீடுகளின் வாசல் ரோட்டைவிடத் தாழ்ந்திருந்தால், ரோட்டை மேல்மேலே போட்டு உயர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஜாக்கி வைத்து வீடு தூக்கும் வேலை அந்தத் தெருவில் நடந்திருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். புதுக் கட்டடங்கள் எல்லாம் பேஸ்மட்டத்தை மூன்றடி நான்கடி ஏற்றியிருக்க, நடுவில் நீங்கள் பார்க்கும் கட்டடம் மட்டும் தாழ்ந்து கிடந்தால், எல்லார் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும்.

கட்டடத்தில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ராம்ப் கீழே இறங்கும் முன் ஒரு மேடு இருக்க வேண்டும், அதுவும் ரோடு மட்டத்தைவிட நன்றாக உயரமாக. கீழே தண்ணீர் சேரும் குழியும் இறைக்க மோட்டாரும் இருந்தால் மட்டும் போதாது. வெள்ளம் வந்தால் பாதுகாப்புக்காக ஈ.பி.காரர்களே கரண்டை நிறுத்திவிடுவார்கள், அதனால் ஜெனரேட்டரும் மீட்டர் பெட்டியும் தரைக்கு மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் அண்டர்கிரவுண்டிலேயே இருக்கும் கட்டடங்களையும் பார்க்கலாம், அங்கே முதலில் மூழ்குவதே மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், அக்டோபருக்கு முன் கார் இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் சேர்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாவிட்டால் தண்ணீர் புகுந்த இன்ஜினுக்கு க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம். மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். பார்க்கிங்குக்குள் தண்ணீர் புகத் தொடங்கிய பிறகு காரை எடுக்கிறேன் என்று யாரையும் கீழே விடாதீர்கள், உள்ளே கரண்ட் பாயலாம், ராம்ப் வழியாக வரும் வேகத்தில் திரும்பி ஏறவும் முடியாது.