லாப்பின்ஸ் செர்ரி: கன்று நடுவது முதல் பழம் பறிப்பது வரை

ஒரே ஒரு இனிப்புச் செர்ரி மரத்துக்குத்தான் இடம் இருக்கிறதா? லாப்பின்ஸ் வையுங்கள். கனடாவின் ஒக்கனாகன் பள்ளத்தாக்கில் உள்ள சம்மர்லாந்து ஆராய்ச்சி நிலையம் வேன், ஸ்டெல்லா ரகங்களைக் கலந்து உருவாக்கியது. தன் மகரந்தத்திலேயே காய்க்கும் குணம் ஸ்டெல்லா வழி வந்தது. பிங் என்ற செர்ரி ரகம் மாதிரி, மகரந்தத்துக்குத் துணைமரம் தேடி அலைய வேண்டியதில்லை.

1. கன்று வாங்குதல்

கிசெலா 6 என்ற வேர்க்குச்சியில் (ரகத்தை ஒட்டுக்கட்டும் வேருள்ள அடிச்செடி, மரத்தைக் குட்டையாக வைக்கும்) ஒட்டிய கன்றைக் கேளுங்கள். கிசெலா 5 இன்னும் குட்டையாக நிற்கும். ஆனால் லாப்பின்ஸ் இயல்பிலேயே கொத்துக் கொத்தாகக் காய்ப்பது, இரண்டும் சேர்ந்தால் பழம் சிறுத்துவிடும். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். தண்ணீர் தேங்கும் இடம் கூடவே கூடாது.

2. கிளையைச் சாய்த்தல்

பலரும் திணறும் இடம் இது. லாப்பின்ஸ் கிளைகள் தண்டை ஒட்டியே நெட்டுக்குத்தாக ஏறும். அந்த இடுக்கில் பட்டை சிக்கிக்கொண்டால் பின்னாளில் காய் பாரத்தில் கிளை பிளக்கும். புதுத்தளிர் விரல் நீளம் வந்ததும், துணி மாட்டும் கிளிப் ஒன்றைத் தளிருக்குச் சற்று மேலே தண்டில் கவ்வ விடுங்கள். கிளிப்பின் வால் தளிரை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். தளிர் பச்சையாக, வளைத்தால் வளையும் பதத்தில் இருக்கும்போதே செய்யுங்கள். அடி கட்டையாகிவிட்டால் கையோடு பிய்ந்து வரும். மரக் கிளிப்தான் என் கட்சி. பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்குகிறது.

3. கவாத்து

பறிப்பு முடிந்தபின், வறண்ட நாளில். ஈரத்தில் வெட்டினால் வெட்டுக்காயம் வழியே பாக்டீரியா புகுந்து பிசின் வடியும்.

4. பறிப்பு

பிங் முடிந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து வரும். நிறத்தைப் பார்த்து அவசரப்படாதீர்கள்: இனிப்பு ஏறுவதற்கு முன்பே சிவந்துவிடும், பறித்தபின் செர்ரி இனிக்காது. கருஞ்சிவப்பு வரும்வரை பொறுத்து, ஒன்றைத் தின்று பாருங்கள். காம்போடு பறியுங்கள், ஆனால் காம்பு ஒட்டியிருக்கும் குட்டை முனையைப் பிய்க்காமல். அடுத்த ஆண்டுப் பூ அதில்தான் வரும்.

பின்சேர்க்கை: "லாப்பின்ஸ் பழம் மழையில் வெடிக்காது என்றார்களே, வெடித்துவிட்டதே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். பிங்கைவிடக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். பழுக்கும் வாரத்தில் மழை வந்தால் இதுவும் வெடிக்கும். மேலே பிளாஸ்டிக் கூரை போட முடிந்தால் போடுங்கள். அப்புறம், பக்கத்தில் காய்க்காத பிங் வைத்திருப்பவர்களுக்கு: இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால் லாப்பின்ஸ் மகரந்தம் அதற்கும் ஒத்துப்போகும்.