குட்டி ரயில் அருங்காட்சியகம் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

நேரோ கேஜ், அதாவது குறுகிய அகலப் பாதையில் ஓடும் ரயில் மீது ஆசை வைத்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலில் எஞ்சின்களைப் பற்றிப் பேசுவார்கள். கொஞ்ச நாளில் அருங்காட்சியகம் என்ற பேச்சு வந்துவிடும். வேல்ஸில் அப்படி ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் வார இறுதிகளில் வேலை பார்க்கிறவன் என்பதால் என்னிடமும் வந்து கேட்கிறார்கள். இங்கே புதிதாகத் தொடங்கும் குழுக்கள் ஒரு பக்கம். 1941இல், போர்க்காலத்தில் மூடப்பட்ட மொரப்பூர்–தருமபுரி–ஓசூர் பாதையின் மிச்சமீதிகளைத் தேடிச் சேர்க்க நினைக்கும் நம்மூர்த் தம்பிகள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் போய் விழுகிற குழிகள் ஒன்றுதான். நாங்களும் விழுந்து எழுந்தவைதான்.

காப்பீடு எடுங்கள், திறக்கும் நேரத்தை வாசலில் எழுதி வையுங்கள் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கையெழுத்து இல்லாமல் பொருளை வாங்கிக்கொள்வது

இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

நான் சேர்வதற்கு முன்னால் நடந்தது. அடைக்கப்போகும் நேரத்தில் ஒருவர் செய்தித்தாளில் சுற்றிய பித்தளைத் தகட்டைக் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்திருக்கிறார். குடும்பத்தில் ஒருவர் ஸ்லேட் (கூரை வேயும் பலகைக் கல்) குவாரியில் வேலை செய்தவராம். அங்கே ஓடிய எஞ்சினின் பெயர்த் தகடாம். வீட்டில் சும்மா கிடக்கிறது, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். கவுன்ட்டரில் இருந்த தன்னார்வலருக்கு ஒரே சந்தோஷம். ஒரு டீ பில்லின் பின்பக்கம் ‘ஜோன்ஸ் தந்தது’ என்று எழுதித் தகட்டோடு சேர்த்து வைத்துவிட்டார். வேல்ஸில் ஜோன்ஸ் இல்லாத தெரு கிடையாது.

பல வருடம் கழித்து ஒரு மகன் பழைய போட்டோவோடு வந்தார். ‘அப்பா இதைக் காட்சிக்கு வைக்கத்தான் கொடுத்தார், இப்போது திருப்பிக் கொடுங்கள்’ என்றார். இல்லை என்று சொல்லவும் எங்களிடம் காகிதம் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் காகிதம் இல்லை. கமிட்டி கூடிப் பேசி, ஊரில் நல்ல பெயர் கெட வேண்டாம் என்று கொடுத்து அனுப்பியது. கொஞ்ச நாளில் அவருடைய அக்கா வந்து நின்றார். ‘எங்கள் அப்பா அருங்காட்சியகத்துக்கென்று கொடுத்ததை யாரைக் கேட்டு அவனிடம் தூக்கிக் கொடுத்தீர்கள்?’ நியாயமான கேள்வி. கவுன்ட்டரில் நின்று அதற்கு முழித்தவன் நான்தான். அதற்குள் தகடு ஏலத்துக்குப் போயிருந்தது. ரயில் பழம்பொருள் ஏலங்களில் எஞ்சின் பெயர்த் தகடுகள் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகும். இப்போது அது யார் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறதோ.

பணம் போனதைவிடக் கதை போனதுதான் பெரிய நஷ்டம். நேரோ கேஜ் பொருள்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு குவாரிகளின் வேகன்களைப் பக்கத்தில் நிறுத்தினால் பழகிய கண்ணே தடுமாறும். எங்கே ஓடியது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற விவரம் இல்லாத வேகன், சக்கரம் வைத்த பழைய இரும்பு. வேல்ஸின் காரிஸ் ரயில்வே 1948இல் நின்றபோது அதன் இரண்டு எஞ்சின்கள் மிஞ்சின. 1951இல் பக்கத்திலிருந்த டாலிலின் ரயில்வே அவற்றைத் தலா 25 பவுண்டு கொடுத்து வாங்கியது. இரண்டு பாதைக்கும் ஒரே அகலம், 2 அடி 3 அங்குலம் என்பதால் அங்கே ஓட வைக்க முடிந்தது. கைமாறிய கணக்கு தெளிவாக இருப்பதால் அவற்றின் வரலாற்றை இன்றும் வரிசையாகச் சொல்லலாம். அதற்கு நேர்மாறு, இங்கிலாந்தின் லின்டன்–பார்ன்ஸ்டபிள் பாதையின் ‘லூ’ எஞ்சின். 1935இல் பாதை மூடியது. 1936இல் எஞ்சின் பிரேசிலுக்குக் கப்பல் ஏறியது. அதோடு தடயம் அறுந்துவிட்டது. ஆர்வலர்கள் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? கவுன்ட்டரில் ஒரு படிவப் புத்தகம் இருக்க வேண்டும். கொடுப்பவர் பெயர், முகவரி, என்ன பொருள், அது அவருக்கு எப்படி வந்தது, நன்கொடையா இரவலா, தேதி, கையெழுத்து. ஒரு பிரதி அவருக்கு, ஒன்று பொருளோடு, ஒன்று கோப்பில். பிரிட்டன் அருங்காட்சியகங்கள் பின்பற்றும் ‘ஸ்பெக்ட்ரம்’ நடைமுறையில் அடிப்படையாக வைத்திருக்கும் ஒன்பது வேலைகளில் இந்த வரவுப் பதிவும் ஒன்று. மற்ற எட்டைப் படிக்க நேரமில்லை என்றாலும் இதைப் படித்துவிடுங்கள்.

இரவல் என்றால் திருப்பித் தரும் தேதி கட்டாயம். ‘நிரந்தர இரவல்’ என்று யாராவது சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பராமரிப்புச் செலவு உங்களுடையது, பொருள் அவருடையது என்பதற்குத்தான் அந்த அழகான பெயர்.

‘அண்ணா, ஆசையாக் கொடுக்கிறவர்கிட்ட கையெழுத்துக் கேட்டா சந்தேகப்படுற மாதிரி இருக்காதா?’ என்று தருமபுரித் தம்பி ஒருவர் கேட்டார். கல்யாண வீட்டில் மொய் எழுதினால் யாராவது கோபித்துக்கொள்கிறார்களா? ஊரும் இனிஷியலும் சரியாக விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறவர்கள்தானே நம் ஆட்கள்.

அப்புறம், பதிவேட்டில் எண் கொடுத்தால் போதாது. அந்த எண் பொருளின் மேலேயே இருக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பசை காய்ந்து ஸ்டிக்கர் உதிரும், கறை மட்டும் நிற்கும். உலோகத்தில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் பாராலாய்டு பி-72 என்ற தெளிந்த பூச்சை விரல் நகம் அளவுக்குத் தடவி, காய்ந்ததும் அதன்மேல் மெல்லிய பேனாவால் எண்ணை எழுதி, மேலே இன்னொரு பூச்சு. வேண்டாம் என்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம். சீருடை, கொடி மாதிரித் துணிப் பொருளுக்குப் பருத்தி நாடாவில் எண்ணை எழுதி இரண்டு தையல் போட்டால் போதும்.

வேண்டாம் என்று சொல்லவும் பழகுங்கள். எதைச் சேர்ப்போம், எதைச் சேர்க்க மாட்டோம் என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டால், பழைய தட்டச்சு இயந்திரத்தோடு வருகிறவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிவிடலாம்.

பளபளவென்று ஆக்குவது

புதுத் தன்னார்வலர் கையில் பிராசோ என்ற பித்தளை பாலிஷ் டப்பாவையும் துணியையும் கொடுத்தால் மனுஷர் சாயங்காலத்துக்குள் எதையும் தங்கமாக்கிவிடுவார். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கொஞ்சம் உலோகம் துணியோடு போகிறது. வருடக்கணக்கில் தேய்த்த தகடுகளில் எழுத்தின் விளிம்பு மழுங்கி, விரலால் தடவித்தான் படிக்க வேண்டியிருக்கும்.

வேகன்களில் இது இன்னும் மோசம். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, கறுப்பு எனாமல் அடித்து, ‘புதுசு மாதிரி ஆயிடுச்சு’ என்று போட்டோ அனுப்புகிறார்கள். பக்கவாட்டுப் பலகையில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் பொறுமையாக ஒவ்வொரு அடுக்காக எடுத்துப் பார்த்திருந்தால், மேலே சாம்பல், அதற்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே பழைய முதலாளியின் எழுத்து என்று முழு வரலாறும் அங்கேயே இருந்திருக்கும். தவிர, பழைய ரயில் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். சுரண்டிய தூள் நேராக நுரையீரலுக்குப் போகும்.

ஓடப்போகும் எஞ்சின் என்றால் பாகம் மாற்றத்தான் வேண்டும், பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும். எது ஓட, எது பார்க்க என்பதை வேலை தொடங்கும் முன் முடிவு செய்யுங்கள்.

பழைய கொதிகலனின் உறையைக் கையால் பிரிப்பது

ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோதனை முடிவு வரும்வரை தொடவே கூடாது.

வெயில் வந்ததும் கதவைத் திறந்து போடுவது

குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த கொட்டகையை, முதல் இதமான நாளில் காற்றோட்டத்துக்காக விரியத் திறப்பார்கள். உள்ளே டன் கணக்கான இரும்பு இன்னும் சில்லென்று இருக்கும். வெளியிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அதில் பட்டதும் எஞ்சின் முழுவதும் வியர்த்துவிடும். மழையே படாமல் துரு பிடிப்பது இப்படித்தான். திறக்கிற நாளில் மட்டும் ஹீட்டர் போட்டு மற்ற நாளில் அணைப்பதும் இதே வேலையைச் செய்யும். நாள் முழுக்க லேசான ஒரே சீரான சூடு நல்லது. ஈரப்பத மீட்டர் விலை ஒன்றும் பெரிதில்லை. வாங்கி, அளவை எழுதி வையுங்கள். பயணச்சீட்டு, வரைபடம் போன்ற காகிதங்களை அந்தக் கொட்டகையில் வைக்கவே வேண்டாம்.

எண்ணெய்த் துணியைக் குவித்து வைப்பது

ஆளி விதை எண்ணெய் தொட்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். மூடியுள்ள இரும்பு டப்பா வாங்குங்கள்.

சக்கரக் கணக்கு மட்டும் சொல்லும் பலகை

‘0-4-0 (எஞ்சினின் சக்கர அமைப்பைச் சொல்லும் எண்), கட்டிய ஆண்டு, சிலிண்டர் விட்டம்.’ இதைப் படிக்க வருகிறவருக்கு இது முன்பே தெரியும். கூட வந்த மனைவிக்கும் பிள்ளைக்கும் என்ன வைத்திருக்கிறீர்கள்? டவின் ஊரில் இருக்கும் நேரோ கேஜ் அருங்காட்சியகத்தில், குழந்தைக் கதைகளில் வரும் தாமஸ் எஞ்சினைப் படைத்த பாதிரியார் அவ்ட்ரியின் எழுத்தறையை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். எஞ்சின் வகை எதுவும் தெரியாத குழந்தைக்கும் அங்கே பார்க்க ஒன்று இருக்கிறது.

அவ்வளவு பெரிய பெயர் எல்லோருக்கும் கிடைக்காது, ஆனால் கதை கிடைக்கும். 1836இல் திறந்த ஃபெஸ்டினியாக் பாதையில் ஸ்லேட் ஏற்றிய வேகன்கள் மலையிலிருந்து சரிவிலேயே தானாக இறங்கின. காலி வேகன்களை மேலே இழுத்துப் போக வேண்டிய குதிரைகள், இறங்கும்போது தங்களுக்கென்றே இருந்த வண்டியில் நின்று வைக்கோல் தின்றபடி பயணம் செய்தன. பலகையில் இதை முதல் வரியாகப் போடுங்கள். சிலிண்டர் விட்டம் கடைசி வரியில் இருந்துவிட்டுப் போகட்டும்.

புது ஆளை டீ போடவே வைத்திருப்பது

1951இல் டாலிலின் ரயில்வேயைத் தன்னார்வலர்கள் கையில் எடுத்தபோது, வந்தவர்களில் பலருக்கு ரயில்வே அனுபவமே கிடையாது. உலகிலேயே முதன்முதலாக அப்படி மீட்கப்பட்ட ரயில் பாதை அது. வேலை செய்துதான் வேலை கற்றார்கள். இன்று நம் குழுக்களில் சுவாரசியமான வேலை எல்லாம் மூத்தவர்களுக்கு, டீயும் துடைப்பமும் புதியவருக்கு. அவர் நாலு வாரம் வருவார், அப்புறம் வரமாட்டார். முதல் நாளே ஒரு பொருளை அவர் கையில் கொடுத்து, அளந்து, போட்டோ எடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கமிட்டிக் கூட்டத்தை வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்கு வைத்துவிட்டு, இளைஞர்கள் வருவதில்லையே என்று குறைப்படுவதையும் நிறுத்தலாம்.