நெல்லுக்கு ஸகாத்: வயலிலேயே கணக்கெடுப்பது எப்படி?

அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் நெல் ஸகாத்தில் (விளைச்சலிலிருந்து முஸ்லிம்கள் கொடுக்க வேண்டிய கட்டாயத் தானத்தில்) வரும் பிழை பெரும்பாலும் வீதத்தில் இல்லை, நிறுவையில்தான். வெட்டு மெசின் கொட்டிய நெல்லில் முல்லைக்காரருக்கு (வயலைப் பார்த்துக்கொள்பவருக்கு), குத்தகைக்கு, உரக்கடைக் கடனுக்கு என்று பிரித்துவிட்டு, வீடு வந்து சேர்ந்த மூடைகளை மட்டும் எண்ணுகிறார்கள். ஸகாத் கடமையாவது வீட்டுக்கு வந்த நெல்லில் அல்ல, விளைந்த நெல்லில். கதிர் முற்றி மணி கெட்டியானதுமே கடமை வந்துவிடுகிறது. கொடுப்பது மட்டும் அடித்துத் தூற்றிக் காய்ந்த பிறகு. இங்கே சொல்வது இந்தப் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் (இஸ்லாமியச் சட்ட வழியின்) படி.

ஆகவே யாருக்கும் ஒரு மூடை கொடுக்கும் முன் மொத்த நிறையை எழுதிக்கொள்ளுங்கள். விதைக்கு ஒதுக்கியது, சாப்பாட்டுக்கு எடுத்தது, கூலியாக நெல்லாய் அளந்தது எல்லாம் அதற்குள் வரும்.

அடுத்தது ஈரம். மெசினால் வெட்டி வயலோரத்திலேயே விற்கும் நெல்லில் ஈரப்பதன் 20 வீதம் வரைக்கும், சிலவேளை அதற்கு மேலும் இருக்கும். கணக்கு காய்ந்த, பதர் நீக்கிய நெல்லுக்கே. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் 14 வீத ஈரப்பதனை அளவாக வைத்துக்கொள்ளலாம். 20 வீத ஈரத்தில் 5,400 கிலோ நிறுத்தால், அதை 80 ஆல் (100 - 20) பெருக்கி 86 ஆல் (100 - 14) வகுக்க வேண்டும். காய்ந்த நிறை ஏறத்தாழ 5,023 கிலோ. காயவைக்கும் செலவு சொந்தக்காரருடையது, ஸகாத்தில் கழியாது.

ஸகாத் கடமையாகும் குறைந்த அளவான நிஸாப் 5 வஸக், அதாவது 300 ஸாஉ. உமியோடு வைக்கப்படும் நெல்லுக்கு அது இரட்டிப்பு: 10 வஸக். வஸக், ஸாஉ இரண்டும் முகத்தலளவைகள் என்பதால் கிலோவாக மாற்றும்போது ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) கணக்கு சற்று வேறுபடும். 5 வஸக்குக்குப் பரவலாகச் சொல்லப்படும் 653 கிலோவை எடுத்தால், நெல்லுக்கு 1,306 கிலோ. நல்ல விளைச்சல் என்றால் ஒரு ஏக்கரே இதைத் தாண்டிவிடும். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் செய்கிறவர்கள்தான் ஊர் ஆலிமிடம் சரியான எல்லையைக் கேட்க வேண்டும். அவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மாரிப் போக வெட்டும் சிறுபோக வெட்டும் ஒரே சந்திர வருடத்துக்குள் விழுந்தால் இரண்டையும் சேர்த்தே நிஸாப் பார்க்கப்படும். சிவப்பும் வெள்ளையும், சம்பாவும் நாடும் என எல்லா நெல் இனமும் ஒன்றாகச் சேரும். சோளம் நெல்லோடு சேராது.

வீதத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். மழையை நம்பிய மானாவாரிக் காணிக்கு 10 வீதம். சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்தோ உன்னிச்சைக் குளத்திலிருந்தோ வாய்க்காலால் தானாகப் பாயும் தண்ணீருக்கும் 10 வீதம்தான். வாய்க்கால் வெட்டித் துப்புரவாக்கும் செலவு காணியைத் திருத்தும் செலவாகவே பார்க்கப்படுகிறது. “குளத்துத் தண்ணிதானே, 5 வீதம் போதும்” என்பது வழமையான தவறு. கிணற்றிலிருந்தோ ஆற்றிலிருந்தோ பம்பு வைத்து இறைத்தால் 5 வீதம்.

இரண்டும் கலந்தால், எத்தனை முறை பாய்ச்சினோம் என்று எண்ணுவதில்லை. பயிர் எந்தத் தண்ணீரில் எவ்வளவு காலம் வளர்ந்தது என்றே பார்க்க வேண்டும். 120 நாள் பயிரில் கடைசி 30 நாள் பம்புத் தண்ணீர் என்றால் முக்கால் பங்குக்கு 10 வீதம், கால் பங்குக்கு 5 வீதம், மொத்தம் 8.75 வீதம். மேலே சொன்ன 5,023 கிலோவில் அது 439.5 கிலோ. சரியான காலம் தெரியாவிட்டால் 7.5 வீதம் கொடுக்கலாம்.

உழவு, உரம், மருந்து, மெசின் கூலி எதையும் ஷாபிஈ மத்ஹபில் கழிக்க முடியாது. சாகுபடிக்குப் பட்ட கடனைக் கழிக்கலாம் என்று சொல்லும் சமகால அறிஞர்கள் உண்டு. அதை எடுப்பதென்றால் ஆலிமிடம் கேட்டு ஒரே வழியில் நில்லுங்கள். நல்ல போகத்துக்கு ஒரு கருத்து, நட்டப் போகத்துக்கு இன்னொன்று என்று மாற்றுவது சரியில்லை. டீசல் செலவையும் கழித்து 5 வீதமும் எடுப்பது ஒரே சலுகையை இரண்டு தரம் எடுப்பது. வீதம் பாதியானதே அந்தச் செலவுக்காகத்தான்.

குத்தகைக் காணி என்றால் விளைச்சலின் ஸகாத் பயிர் செய்தவர்மேல். காணிக்காரர் தனக்குக் கிடைத்த குத்தகைப் பணத்தைத் தன் பணக் கணக்கில் சேர்ப்பார். வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) செய்தால் விதை யாருடையது என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும். அந்த விவரத்தோடு போய்க் கேளுங்கள். மனைவியின் சீதனக் காணியானாலும் இதே கேள்விதான்: பயிர் யாருடையது? யத்தீம் (அநாதைப்) பிள்ளையின் நெல்லுக்கும் ஸகாத் உண்டு, பொறுப்பாளர் கொடுப்பார்.

வெள்ளத்திலோ யானையாலோ பயிர் அழிந்து, அதில் உங்கள் கவனயீனம் இல்லையென்றால் அழிந்த பங்குக்கு ஸகாத் இல்லை. மிஞ்சியது நிஸாபைத் தொடாவிட்டாலும், கதிர் முற்றிய பின் அழிந்திருந்தால், மிஞ்சியதற்குரிய பங்கைக் கொடுக்க வேண்டும்.

ஷாபிஈ மத்ஹபில் நெல்லுக்கு நெல்லே கொடுக்க வேண்டும். ஹனபி மத்ஹபில் விலையாகவும் கொடுக்கலாம். வயலோரத்தில் எல்லாவற்றையும் விற்றுவிட்டால் கடமை போய்விடாது. ஸகாத் பங்கை அதே தர நெல்லாக வாங்கியாவது கொடுக்க வேண்டும். பிரிக்கும்போதே ஸகாத் என்ற நிய்யத் (மனதில் எண்ணம்) வேண்டும். களத்துக்கு வந்தவர்களுக்குச் சும்மா அள்ளிக் கொடுத்ததைப் பின்னர் ஸகாத்தாக எழுத முடியாது. வேலை செய்தவருக்குரிய கூலியையும், ஏழையிடம் தள்ளுபடி செய்த கடனையும் ஸகாத்தாக்க முடியாது. பள்ளிவாசல் கட்டடத்துக்குக் கொடுப்பது நல்ல ஸதகா (விருப்பத் தானம்), ஆனால் குர்ஆனின் தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் ஸகாத் பெறுவோராகச் சொல்லும் எட்டுக் கூட்டத்தாரில் கட்டடம் இல்லை. நீங்கள் செலவு பார்க்கக் கடமைப்பட்ட பெற்றோர், பிள்ளைகள், மனைவிக்கு ஏழைப் பங்கிலிருந்து கொடுக்கக் கூடாது. வறிய சகோதரிக்குக் கொடுக்கலாம்.

ஒருமுறை ஸகாத் கொடுத்த நெல்லை இரண்டு வருடம் பட்டறையில் வைத்தாலும் மறுபடி ஸகாத் இல்லை. விற்ற பணம், பணத்துக்குரிய நிஸாப் அளவில் ஒரு சந்திர வருடம் கையில் நின்றால் அதற்கு 2.5 வீதம். வாங்கி விற்கும் ஆலைக்காரருக்கும் 2.5 வீதம்தான்: அவரிடம் இருப்பது விளைச்சல் அல்ல, வியாபாரச் சரக்கு.