சாக்கை சால்மனைக் கசங்காமல் கரைசேர்க்க: முதல் சீசன் படகேறுகிறவர்களுக்கு

அலாஸ்காவின் பிரிஸ்டல் பே வளைகுடாவில் சாக்கை (sockeye) என்கிற சால்மன் வகை மீனைப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மீன் எப்போது வரும் என்பதும், மீன் வாங்கும் கம்பெனி என்ன விலை போடும் என்பதும் உங்கள் கையில் இல்லை. 2022-இல் ஏறக்குறைய 7.9 கோடி மீன் இந்த வளைகுடாவுக்கு வந்தது. அடிப்படை விலை பவுண்டுக்கு 1.15 டாலர். அடுத்த வருஷமே அது 50 சென்ட்டுக்கு இறங்கியது. அதே கடல், அதே முதுகுவலி. உங்கள் கையில் இருப்பது மீன் தண்ணீரை விட்டு வந்த பிறகான முதல் அரை மணி நேரம் மட்டும்தான். குளிரவைத்த மீனுக்கும் ரத்தம் வடித்த மீனுக்கும் கம்பெனிகள் பவுண்டுக்குச் சில சென்ட் கூட்டித் தருகின்றன. சீசன் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அது சின்னத் தொகை இல்லை. படகில் நீங்கள் தூங்குவது, தின்பது, கையைப் பேணுவது எல்லாமே அந்த அரை மணி நேரத்துக்குத் தெம்பு சேர்க்கத்தான் என்று எடுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

கிளம்பும் முன்பே படகை நடத்தும் ஸ்கிப்பரிடம் பங்கைப் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே சம்பளம் கிடையாது, பிடித்த மீனின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்றுதான் கணக்கு. டீசலும் சாப்பாடும் உங்கள் பங்கிலிருந்து கழியுமா, பின்னால் கம்பெனி விலையைக் கூட்டித் தந்தால் அதிலும் பங்கு உண்டா என்று கேளுங்கள். கேட்பதை நல்ல ஸ்கிப்பர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மாநிலத்தின் படகுப் பணியாளர் உரிமத்தையும் எடுத்துவிட வேண்டும். அது கையில் இல்லாமல் வலையைத் தொடக்கூடாது.

இங்கே வலை மிதக்கவிடும் படகு 32 அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அந்த நீளத்துக்குள்தான் மீன் அறை, வலை சுற்றும் டிரம், எஞ்சின், அடுப்பு, மூன்று நான்கு பேர் படுக்க இடம் எல்லாம். ஆகவே ஒரு பை மட்டும் கொண்டுபோங்கள். கம்பளி உள்ளாடை, மழை உடுப்பு, எக்ஸ்ட்ராடஃப் மாதிரி முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், உள்ளே போட நூல் கையுறை நிறைய, மேலே போட ரப்பர் கையுறை. மோதிரம், கைக்கடிகாரம், சட்டையின் தொங்கும் கயிறு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டன் எதுவும் வேண்டாம். வலைக் கண்ணி எதையும் பிடித்து இழுக்கும், ஆளையும் சேர்த்து. கடலில் விழுந்தால் உயிர்காக்கும் முழு உடுப்பு ஒன்று படகில் உங்கள் பெயருக்கு இருக்கும். துறையில் கட்டியிருக்கும்போதே அதை ஒரு நிமிடத்துக்குள் போட்டுப் பழகுங்கள். ஸ்கிப்பர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

இங்கே நாள் என்பது சூரியனை வைத்து இல்லை. ஜூன் கடைசியில் சரியாக இருட்டுவதே இல்லை. நாளை நடத்துவது கடலின் ஏற்றமும் வற்றமும், மீன்வளத் துறையின் அறிவிப்பும். ஆற்றங்கரையில் கோபுரம் கட்டி, மணிக்குப் பத்து நிமிடம் ஒரு கரையில், பத்து நிமிடம் மறு கரையில் என்று ஆட்கள் மேலே ஏறிப்போகும் மீனை எண்ணுகிறார்கள். முட்டையிடப் போதிய மீன் ஏறினால்தான் நமக்கு மீன்பிடி திறக்கும். நாக்நெக்-க்விச்சாக், எகெகிக், உகாஷிக், நுஷாகாக், டோகியாக் என்று ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனி நேரம். எண்ணி முடியும்வரை சும்மா காத்திருப்பது புதியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அந்தக் காத்திருப்பின் மேல் மரியாதை உண்டு. இத்தனை படகுகள் சூழ நின்றும் இந்த ஆறுகளில் இன்னும் மீன் ஏறுகிறது என்றால் அதற்கு அந்தக் கோபுரத்தில் நிற்கும் ஆட்கள் ஒரு பெரிய காரணம்.

ரேடியோவில் நேரம் சொன்னதும் தளத்தைத் தயார் செய்யுங்கள். மீன் அறைக்குள் கடல்நீரை நிரப்பிக் குளிரூட்டியை முன்கூட்டியே ஓட்டி, தண்ணீர் 1 அல்லது 2 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியிருக்க வேண்டும். குளிரூட்டி இல்லாத படகானால் ஐஸும் கடல்நீரும் கலந்த கூழ். மீன் வந்த பிறகு குளிரவைக்கலாம் என்று விட்டால், ஆயிரம் பவுண்டு வெதுவெதுப்பான மீன் ஒரே நேரத்தில் உள்ளே விழும்போது எந்த இயந்திரமும் திணறும்.

ஒரு மீன்பிடி உரிமத்துக்கு வலை 150 ஃபேதம், அதாவது 900 அடி. கண்ணி 5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். டிரம்மிலிருந்து வலை ஓடும்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதன் பாதையில் கால் வைக்காமல் இருப்பது. முதல் சில நாட்கள் சும்மா ஓரமாக நின்று பாருங்கள், அதுவும் வேலைதான். மிதப்புக் கயிறு நேராக நிற்கிறதா, மீன் மோதும் இடத்தில் தண்ணீர் வெள்ளையாகத் தெறிக்கிறதா, எந்தப் பக்கம் மிதப்புகள் அமிழ்கின்றன என்று கவனித்து உரக்கச் சொல்லுங்கள். எல்லைக்கோட்டை ஜிபிஎஸ்ஸில் பார்ப்பது ஸ்கிப்பரின் பொறுப்பு. ஆனாலும் ஏற்றம் படகை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று நீங்களும் ஒரு கண் வைத்திருங்கள். வலை கோட்டைத் தாண்டினால் காவலர் எழுதும் அபராதம் எல்லோர் பங்கிலும் விழும்.

இப்போது மீன் எடுப்பது. வலை உருளையைத் தாண்டி உள்ளே வந்ததும் அவசரப்பட்டு இழுக்காதீர்கள். ஒரு கணம் பாருங்கள், மீன் வலையின் எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது? அந்தப் பக்கம் கண்டதும் சுற்றியிருக்கும் தளர்ந்த வலையை ஒதுக்குங்கள். செவுளில் மாட்டியிருந்தால் ஃபிஷ் பிக் என்கிற சின்னக் கொக்கியால் நூலைத் தூக்கி, செவுள் மூடியைத் தாண்டவிட்டு, தலைக்கு மேலாக வழித்துவிடுங்கள். கண்ணி உடம்பின் நடுவரை போயிருந்தால் பின்னால் இழுக்க வேண்டாம், முன்னால் தள்ளி வெளியே எடுங்கள். கொக்கி நூலில்தான் பட வேண்டும், சதையில் படவே கூடாது. இரண்டு நிமிடமாகியும் அவிழவில்லை என்றால் ஒரு கண்ணியை அறுத்துவிடுங்கள். நூலைப் பிறகு தைக்கலாம்.

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஐந்து ஆறு பவுண்டு எடை வாலில் தொங்கினால் முதுகெலும்பை ஒட்டிய ரத்தக் குழாய் அறுந்து சதைக்குள் ரத்தம் பரவும். தொழிற்சாலையில் அறுக்கும்போது அந்தக் கறுப்புத் திட்டு தெரியும், துண்டு தரம் இறங்கும். எறிவதும், குவியல் மேல் ஏறி நிற்பதும் அப்படித்தான். இரண்டு கையாலும் ஏந்தி வையுங்கள்.

உயிர் இருக்கும்போதே ஒரு பக்கச் செவுளைக் கத்தியால் அறுங்கள். இதயம் துடித்துக்கொண்டிருந்தால்தான் அதுவே ரத்தத்தை வெளியே தள்ளும், செத்த மீனை அறுத்துப் பெரிய பலன் இல்லை. அதனால்தான் வலையை நெடுநேரம் ஊறவிடுவது எனக்குப் பிடிக்காது. அறுத்ததும் நேராகக் குளிர்நீருக்குள். வலை நிறைந்து, எடுக்க நேரமில்லாமல் மீனோடு வலையைத் தளத்தில் குவிக்க நேர்ந்தால், குழாயால் கடல்நீரை அடித்துக்கொண்டே இருங்கள். வெயில் பட்ட மீனிலிருந்து தொடங்குங்கள். கீழே மீன் அறையில் இருக்கும் பிரெய்லர் பைகளை, அதாவது மீனை மொத்தமாகத் தூக்கி இறக்கும் பெரிய பைகளை, அளவோடு நிரப்புங்கள், அடியில் கிடப்பது நசுங்கும்.

அடுத்து உங்கள் கை. சீசன் நடுவில் விரல்கள் மடங்கியபடியே இறுகி நிற்கும், தூக்கத்தில் மணிக்கட்டு மரத்துப்போகும். எழுந்ததும் வெந்நீரில் முக்கி மெல்ல விரியுங்கள். வேலையின்போது மணிக்கட்டை மடக்காமல் தோளிலிருந்து இழுக்கப் பழகுங்கள். நனைந்த நூல் கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். படுக்கும் முன் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, எண்ணெயோ களிம்போ தடவுங்கள். சின்னக் கீறலில் மீனின் வழுவழுப்பு ஏறினால் சீழ்பிடிக்கும். காயத்திலிருந்து கை மேலே சிவப்புக்கோடு போவதைப் பார்த்தால் மறைக்க வேண்டாம், உடனே ஸ்கிப்பரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். வலையில் சொறிமீன் நிறைந்து வரும் நாளில் கண்ணாடி போடுங்கள், கண்ணில் தெறித்தால் சில மணி நேரம் வேலை ஓடாது.

1951 வரை இந்த வளைகுடாவில் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை. பாய்மரத்தில் போய், நனைந்த வலையைக் கையாலேயே இழுத்தார்கள். டிரம் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்கள் தோளை நினைத்துக்கொள்வேன்.

தூக்கம் துண்டுதுண்டாகத்தான் கிடைக்கும். வாய்ப்பு வந்தால் உடுப்பைக் கழற்றிவிட்டுப் படுங்கள், போனைத் தொடாதீர்கள். ஆனால் நங்கூரம் போட்டபின் ஒருவர் விழித்திருக்க வேண்டும். நாக்நெக் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 20 அடிக்கு மேல் வித்தியாசம் வரும். நங்கூரம் நழுவினால் தண்ணீர் வற்றும்போது படகு தவறான மணல் திட்டில் உட்கார்ந்துவிடும். சோறு வடித்து, ஒரு மீனை வதக்கி, எல்லோரையும் உட்காரவைத்துச் சாப்பிடவைக்கும் ஆள் படகில் ஒருவர் இருந்தால் சண்டை பாதி குறையும். புதியவரான நீங்களே அந்த ஆளாக இருக்கலாம்.

மீன் வாங்கும் டெண்டர் கப்பலோடு படகைக் கட்டும்போது இரண்டு படகுக்கும் நடுவே கையையோ காலையோ விடாதீர்கள். பைகள் மேலே போகும்போது அடியில் நிற்காதீர்கள். மீனின் வெப்பநிலையை அவர்கள் அளப்பதையும் தராசில் விழும் எடையையும் நீங்களும் பாருங்கள். சீட்டில் எடை, வெப்பநிலை, ரத்தம் வடித்த குறிப்பு மூன்றும் இருக்கின்றனவா என்று ஸ்கிப்பர் கையெழுத்திடும் முன் படித்து, ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு மீன் அறையைத் தேய்த்துக் கழுவி, புதுக் கடல்நீர் நிரப்பி, குளிரூட்டியைப் போட்டுவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும். சீசன் முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில் அந்தப் படங்களை வைத்து உங்கள் பங்கைச் சரிபாருங்கள்.