விராலுக்கு ரப்பர் புழு கோர்ப்பது எப்படி

தூண்டிலில் இரைக்குப் பதிலாகக் கோர்க்கும் ரப்பர் புழு அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கிறவர்கள் பழக்கிய சரக்கு. சென்னை ஏரிகளில் பாஸ் கிடையாது, விரால் உண்டு, அதற்கும் இது நன்றாகவே வேலை செய்யும். முட்டுக்காடு பக்கம் கொடுவாவுக்கு என்றால் வால் துடிக்கும் குட்டி மீன் வடிவம்தான் மேல்.

நாலைந்து அங்குலப் புழு போதும். கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு, தெளிந்ததற்குப் பச்சை அல்லது பழுப்பு. மினுமினுப்பு நிறங்களில் காசைக் கரியாக்க வேண்டாம்.

கோர்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. கழுத்து மடங்கிய ஆஃப்செட் தூண்டில் முள், 3/0 அளவில் எடுங்கள். முனையைப் புழுவின் தலைக்குள் நேராக அரை சென்டிமீட்டர் செலுத்திப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, தலை அந்தக் கழுத்து மடிப்பில் உட்காரும் வரை இழுத்து, முள்ளைப் பாதிச் சுற்று திருப்பி, புழுவைத் தொங்கவிட்டால் வளைவு எந்த இடத்துக்கு வருகிறதோ அங்கே குத்தி, முனையை மறுபக்கத் தோலுக்குள் லேசாக ஒளித்துவிடுங்கள். ஆகாயத்தாமரைக்குள் சிக்காமல் வரும். புழு கோணலாக நின்றால் சுழன்று சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும், சோம்பல் படாமல் பிரித்துத் திரும்பக் கோர்க்கணும்.

செடி அடர்ந்த இடத்தில் எடைக்கு ஈயமே வேண்டாம். ஆழத்துக்கு மட்டும் தோட்டா வடிவ ஈயம், முள்ளைக் கட்டும் முன்பே நரம்பில் ஏற்றிவிடுங்கள். கடித்ததும் தொய்வை எடுத்துவிட்டு ஓங்கிச் சுண்டினால்தான் முனை ரப்பரைத் தாண்டி வாயில் ஏறும். அப்புறம், ஏரியில் மீன் குத்தகை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வீசுங்கள்.