சிபேப் போட்டும் சோர்வு போகவில்லையா? பிரஷரைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியவை

தூக்கத்தில் தொண்டை அடைத்து அடிக்கடி மூச்சு தடைப்படுபவர்களுக்கு (ஸ்லீப் ஆப்னியா), மாஸ்க் வழியே அழுத்தமான காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷின்தான் சிபேப். அந்தக் காற்றின் அழுத்தம்தான் இங்கே பிரஷர். ராத்திரி முழுக்க மாஸ்க் போட்டுப் படுத்தும் காலை பத்து மணிக்கே கண் சொக்குகிறது என்றால், பலருக்கும் முதல் சந்தேகம் பிரஷர் மேல்தான் வருகிறது. அதைக் கடைசியில் பார்க்கலாம். கீழே உள்ள வரிசைப்படியே போங்கள். காற்றுக் கசிவு சரியாகாதவரை மெஷின் காட்டும் மற்ற எண்களை நம்ப முடியாது.

படி 1: மாஸ்க் முகத்தில் இருந்த நேரம்

14 நாளைக்கு ஒரு நோட்டில் மூன்றை எழுதுங்கள்: படுத்த நேரம், மாஸ்க் கழன்ற நேரம், எழுந்த நேரம். கழன்றது நினைவில்லாவிட்டால் மெஷின் திரையிலோ அதன் ஆப்பிலோ எத்தனை மணி நேரம் ஓடியது என்று இருக்கும்.

'நாலு மணி நேரம் போட்டால் போதும்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 30 நாளில் 70 சதவீத இரவுகளில் 4 மணி நேரம் என்பது அமெரிக்க மெடிகேர் காப்பீடு பணம் கொடுக்கக் கேட்கும் அளவு. பகல் தூக்கம் தெளிய அது போதாது. கணக்குப் போட்டால் தெரியும். சிகிச்சைக்கு முன் உங்களுக்கு மணிக்கு 40 முறை மூச்சு தடைப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 7 மணி நேரத் தூக்கத்தில் 4 மணி நேரம் மாஸ்க்கோடு, மணிக்கு 2 தடை. மீதி 3 மணி நேரம் மாஸ்க் இல்லாமல், மணிக்கு 40. மொத்தம் 128 தடை, சராசரி மணிக்கு 18. ஆனால் திரையில் '2' என்றுதான் வரும், ஏனென்றால் தான் ஓடாத நேரம் மெஷினுக்குத் தெரியாது.

விட்டுப்போகும் நேரம் பெரும்பாலும் விடியற்காலை. கனவுத் தூக்கம் அதிகம் வருவதும், தொண்டைத் தசை மிகவும் தளர்வதும் அப்போதுதான். பாத்ரூம் போக எழுந்தால் மாஸ்க்கைக் கழற்றாமல் குழாயை மட்டும் பிரித்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து மாட்டுவது சுலபம்.

படி 2: கசிவு

மாஸ்க்கை உட்கார்ந்தபடி மாட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்பதுதான் வழக்கமான தவறு. படுத்தால் முகத்தின் சதை இடம் மாறும். அதனால் இப்படிச் செய்யுங்கள்: படுங்கள், மெஷினை ஓட விடுங்கள், ரேம்ப்பை (பிரஷரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் வசதி) அணைத்து முழு பிரஷர் வரவிடுங்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக முன்னால் இழுத்து, குஷன் காற்றில் உப்பியதும் மெல்ல உட்கார வையுங்கள். பிறகு இரண்டு பக்கமும் புரண்டு பாருங்கள். கண்ணை நோக்கிக் காற்று அடித்தால் வாரை இறுக்கத் தோன்றும். இறுக்கினால் குஷன் நசுங்கி இன்னும் கசியும். முதலில் தளர்த்தி, மறுபடி உட்கார வையுங்கள்.

முகத்து எண்ணெயும் இரவு க்ரீமும் சிலிகானைக் கெடுக்கும். குஷனைத் தினமும் மென்மையான சோப்பில் கழுவுங்கள். வாய் வறண்டு விழிக்கிறீர்களா? மூக்கு மாஸ்க் போட்டு வாய் வழியே காற்று போகிறது என்று அர்த்தம். முதலில் மூக்கடைப்பைக் கவனியுங்கள், பிறகு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க்கைப் பற்றிக் கேளுங்கள். ரெஸ்மெட் மெஷின்களில் கசிவு நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம். மற்ற கம்பெனி மெஷின்கள் வேறு விதமாகக் கணக்கிடும், அந்த எண்ணை இதோடு ஒப்பிடாதீர்கள்.

ஏசி அறையில் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக் களகளவென்று சத்தம் வந்தால் ஈரப்பத அளவைக் குறையுங்கள், அல்லது குழாய்க்குத் துணி உறை போடுங்கள்.

படி 3: மிச்சமிருக்கும் தடைகள்

நேரமும் கசிவும் சரியான பிறகுதான் ஏஹெச்ஐ எண், அதாவது மணிக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது அல்லது குறைந்தது என்பது. 5-க்குக் கீழ் இருந்தால் நல்லது. மேலே இருந்தால் தொண்டை அடைப்பால் வந்தவை எத்தனை, 'சென்ட்ரல்' எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். சென்ட்ரல் என்றால் தொண்டை திறந்தேதான் இருக்கிறது, மூளைதான் மூச்சுக்குக் கட்டளை தரவில்லை. அதற்குப் பிரஷரைக் கூட்டினால் மோசமாகலாம். எனவே இந்த இடத்தில் நீங்களாக எதையும் மாற்றாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரேம்ப் 45 நிமிடம் வைத்திருந்து 10 நிமிடத்தில் தூங்கிவிடுகிறீர்கள் என்றால், மீதி 35 நிமிடம் குறைந்த பிரஷரிலேயே போகிறது, அதையும் சொல்லுங்கள். எடை கூடியிருந்தாலும் பழைய பிரஷர் போதாமல் போகலாம்.

படி 4: மெஷினுக்கு வெளியே

எல்லா எண்ணும் சரி, சோர்வு மட்டும் போகவில்லை. சோர்வா, தூக்கமா என்று பிரியுங்கள். பகலில் எவ்வளவு தூக்கம் வருகிறது என்று கேட்கும் எப்வொர்த் அளவுகோலில் 8 கேள்வி, மொத்தம் 24 மதிப்பெண். 10-ஐத் தாண்டினால் அது பகல் தூக்கம். வெறும் அசதி என்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), தைராய்டு, பி12, சர்க்கரை ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். சளிக்கு எடுக்கும் செட்ரிசின், சில ரத்த அழுத்த மாத்திரைகள், இரவுக் குடி, மன அழுத்தம், படுத்ததும் கால் குறுகுறுத்து ஆட்டத் தோன்றுவது, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆறு மணி நேரமே படுக்கையில் இருப்பவருக்கு எந்த மெஷினும் ஏழாவது மணியைத் தராது.

கண் சொக்கும் நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் தூக்கம் தள்ளினால் மொடாஃபினில் போன்ற மாத்திரையை மருத்துவர் எழுதக்கூடும். அது விழிக்க வைக்கும், தொண்டையைத் திறக்காது. அதைச் சாப்பிடும் நாட்களிலும் மாஸ்க் போட்டுத்தான் தூங்க வேண்டும்.