பன்னிரண்டு அணிக்குப் பதிமூன்று பெயர்

கிருஷ்ணகிரியில் பள்ளி மாணவர்களுக்கான தொடக்கநிலை விவாதப் போட்டி. முதல் சுற்று குலுக்கல். அடுத்த சுற்றிலிருந்து ஜெயித்தவர்களுக்கு ஜெயித்தவர்களோடு மோதல். இணை போட ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதியிருந்தேன். அணிப் பெயராக ஊர்ப் பெயர்தான்.

ஒத்திகை பார்த்தபோது 12 அணிகள் 13 ஆகிவிட்டன. ஒற்றைப்படை ஆனதால் யாரோ ஓர் அணிக்கு எதிரணியே இல்லை. முதல்முறை மேடை ஏறும் பிள்ளையை வெறும் அறையில் உட்கார வைக்க மனசு வரவில்லை.

மூன்று நாள் வீணானது. ஓரத்து இடைவெளிகளை நீக்கினேன், பயனில்லை. இணை போடும் பகுதியையே திருப்பி எழுதினேன், அப்போதும் 13. பட்டியலை அச்செடுத்து வரிவரியாக ஒப்பிட்டேன். கண்ணுக்கு எல்லாம் சரி.

கடைசியில் ஒவ்வொரு பெயரின் நீளத்தையும் (எழுத்து, துணைக்குறி, புள்ளி எல்லாவற்றையும் கணினி தனித்தனியாக எண்ணும்) அச்சிடச் சொன்னேன். போச்சம்பள்ளி ஓரிடத்தில் 12, இன்னோரிடத்தில் 13! பதிவுப் பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியது. அதில் 'போ'வின் ஓகாரக் குறி இரட்டைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாக இருந்தது. முடிவுப் பட்டியல் போனில் தட்டியது. அதில் ஒரே குறி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்; நிரலுக்கோ அவை இரண்டு வெவ்வேறு அணிகள். பர்கூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டணத்தில் ஒகர ஓகாரக் குறியே இல்லை, அதனால் அவை தப்பின.

பெயரைப் படிக்கும் இடத்திலேயே, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்க ஒரு வரி சேர்த்தேன்: பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுப்பிலுள்ள நார்மலைஸ், என்.எஃப்.சி. வகையில். 12 அணிகள், ஆறு அறைகள். அப்பாடா! இப்போது அணிகளுக்கு எண்ணும் கொடுத்துவிட்டேன்.